இருவருக்கும் ஒரே மாத்திரையா?

கேள்வி: என் அப்பாவுக்கு நுரையீரலில் டிபி. மாத்திரை தொடங்கி ஒன்றரை மாதம் ஆகிறது. ஊருக்கு வந்த இடத்தில் மாத்திரை தீர்ந்து, நான்கு நாளாகச் சாப்பிடவில்லை. எதிர்வீட்டுப் பெரியவர் தொழுநோய்க்குச் சாப்பிடும் அட்டையிலும் ரிஃபாம்பிசின் என்றே போட்டிருக்கிறது. இரண்டும் ஒரே நோயா? அவரிடம் வாங்கிக் கொடுக்கலாமா?

பதில்: தயவுசெய்து கொடுக்காதீர்கள். நாளைக் காலையே பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அப்பாவின் சிகிச்சை அட்டையோடு போங்கள்.

நோய் வேறு வேறு. கிருமிகள் மட்டும் ஒரே வம்சம். டிபி கிருமிக்குச் சுமார் 4,000 மரபணுக்கள். தொழுநோய்க் கிருமி அதில் பெரும்பகுதியை இழந்துவிட்டது. இன்று வேலை செய்பவை சுமார் 1,600தான். அவ்வளவு இழந்தும் ஆர்என்ஏ பாலிமரேஸ் நொதிக்கான மரபணுவை அது விடவில்லை. விடவும் முடியாது. மரபணுக்களில் எழுதியிருப்பதைப் படியெடுப்பது அந்த நொதிதான். அது நின்றால் புரதம் உருவாகாது, கிருமி செத்துப்போகும். ரிஃபாம்பிசின் அதில் போய் ஒட்டிக்கொண்டால், இரண்டு மூன்று எழுத்துகளுக்கு மேல் படியெடுக்க முடியாது. நம் உடலிலுள்ள நொதியின் அமைப்பு வேறு என்பதால் நமக்கு அந்தப் பாதிப்பு வருவதில்லை.

அப்பாவின் சளிப் பரிசோதனை ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். சிபிநாட் கருவியில் செய்திருந்தால், ரிஃபாம்பிசின் எதிர்ப்பு உண்டா இல்லையா என்று ஒரு வரி இருக்கும். கிருமியின் ஆர்என்ஏ பாலிமரேஸ் மரபணுவில் வெறும் 81 எழுத்துகளைப் பார்த்துச் சொல்வது அது. எதிர்ப்பு பெற்ற டிபி கிருமிகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தில் மாற்றம் அங்கேதான் இருக்கிறது. ஒரு எழுத்து மாறினாலே போதும்: நொதி ஓடும், மருந்து ஒட்டாது. தொழுநோய்க் கிருமியிலும் பெரும்பாலும் அதே இடம்தான் மாறுகிறது.

என் பயமே இதுதான். அப்பாவுக்கு இப்போது நான்கு மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பது, ஒன்றுக்குத் தப்பும் கிருமியை இன்னொன்று கொல்லட்டும் என்றுதான். பெரியவரின் அட்டையில் ரிஃபாம்பிசின் மாதம் ஒருமுறைக்கு மட்டும். கூட இருக்கும் மருந்துகள் அப்பாவின் மற்ற டிபி மருந்துகளுக்கு ஈடாகாது. சரியான துணையில்லாமல் ரிஃபாம்பிசின் போனால், அதற்குத் தப்பிய கிருமிகள் உயிரோடு நின்று பெருகும். பெரியவரின் சிகிச்சையும் கெடும்.

நான்கு நாள் விட்டதை அங்கே மறைக்காமல் சொல்லுங்கள். எப்படித் தொடர்வது, எத்தனை நாள் கூட்டுவது என்பதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். மறுபடி தொடங்கியதும் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும். அது மாத்திரையின் நிறம், அப்பாவைப் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள்.