மேஃப்ளவர் மூப்பர் ப்ரூஸ்டர்: கேளுங்க, சொல்றேன்

கேள்வி: 1620ல மேஃப்ளவர் கப்பல்ல அமெரிக்கா போன வில்லியம் ப்ரூஸ்டர், அதுக்கு முன்னாடி என்ன வேலை பார்த்தாரு?

அரசாங்க உத்தியோகம்தாங்க. எலிசபெத் ராணிகிட்ட இருந்த வில்லியம் டேவிசனுக்கு உதவியாளர். 1585ல டச்சுக்காரங்க ஃப்ளஷிங் ஊர் சாவியை டேவிசன்கிட்ட ஒப்படைச்சப்ப, முதல் ராத்திரி அதை தலகாணிக்கடில வச்சுப் படுத்தது இவர்தான். அப்புறம் ஸ்காட்லாந்து ராணி மேரி தலையை வெட்டின பழி டேவிசன் மேல விழுந்துச்சு, இவரும் சொந்த ஊர் ஸ்க்ரூபிக்கு வந்து அப்பா பார்த்த போஸ்ட்மாஸ்டர் வேலையிலயே உக்காந்துட்டாரு.

கேள்வி: கவர்மென்ட் வேலைய விட்டுட்டு ஏன் ஓடணும்?

ராஜா தலைமையில இருக்கற சர்ச் இனி தேறாதுன்னு பிரிஞ்சுபோன கூட்டம், இவர் வீட்லதான் ஜெபத்துக்குக் கூடும். அப்ப அது சட்டவிரோதம். 1607ல பாஸ்டன்ல (இங்கிலாந்து பாஸ்டன்தான்) கப்பலேறப் போனா, பேசி வச்சிருந்த கேப்டனே காட்டிக் குடுத்துட்டான், சட்டை வரைக்கும் தடவி காசப் புடுங்கிட்டு ஜெயில். அடுத்த வருஷந்தான் ஹாலந்து போய்ச் சேர முடிஞ்சுது.

கேள்வி: அங்க பிரிண்டிங் பிரஸ் வச்சாராமே?

ஆமா, லைடன்ல. பகல்ல யுனிவர்சிட்டி பசங்களுக்கு இங்கிலீஷ் ட்யூஷன், இன்னொரு பக்கம் இங்கிலாந்துல தடை பண்ணின புத்தகங்கள அச்சடிக்கிறது. 1619ல ஜேம்ஸ் ராஜாவோட சர்ச் கொள்கைய கிழிச்சு ஒண்ணு வந்துச்சு, ஹாலந்துல இருந்த இங்கிலாந்து தூதரே ஆள் விட்டுத் தேட ஆரம்பிச்சாரு. புடிக்கப் போன அதிகாரி ப்ரூஸ்டருக்கு பதிலா பார்ட்னர் ப்ரூவரை இழுத்துட்டு வந்துட்டான் 😄 அச்செழுத்தெல்லாம் பறிமுதல், நம்ம ஆளு எஸ்கேப்.

கேள்வி: அமெரிக்கால இவங்க குடியேறின பிளிமத்ல சபைத் தலைவர்னா ஞானஸ்நானம், திருவிருந்து (அப்பமும் திராட்சை ரசமும் குடுக்கற சடங்கு) எல்லாம் குடுத்திருப்பாரே?

இல்லங்க! அவர் மூப்பர் மட்டும்தான், அபிஷேகம் பண்ணின போதகர் இல்ல. போதகர் ஜான் ராபின்சன் லைடன்லயே தங்கிட்டாரு. ஞாயித்துக்கிழமை ரெண்டு வேளையும் இவர்தான் பிரசங்கம், ஆனா திருவிருந்து கிடையாது. குடுக்கலாமான்னு கேட்டதுக்கு 1623ல ராபின்சன் லெட்டர் போட்டாரு, கூடாதுன்னு. கடல் தாண்டி காட்டுக்குள்ள உக்காந்திருக்கற சனங்களுக்கு இதுகூடவா கிடையாதுன்னு எனக்குத் தோணும், ஆனா மனுஷன் மீறவேயில்ல. லைஃபோர்டுன்னு ஒரு பாதிரி 1624ல வந்தான், இவங்கள பத்தியே இங்கிலாந்துக்கு கோள் எழுதி கவர்னர் பிராட்ஃபோர்டுகிட்ட மாட்டிக்கிட்டான், அவன நம்பி எப்படி சபைய குடுக்கறது? 1629ல ரால்ஃப் ஸ்மித் வந்தப்புறம்தான் சபைக்கு முறையான போதகர்.

கேள்வி: முதல் குளிர்காலம் பத்தி?

வந்த 102 பேர்ல பாதி காலி. நடமாட முடிஞ்ச ஆறேழு பேர்ல இவரும் ஒருத்தர், சோறாக்கி, நோயாளிங்க அழுக்குத் துணி வரைக்கும் தொவைச்சாங்க. பிராட்ஃபோர்டே எழுதி வச்சிருக்காரு.

கேள்வி: புள்ளைங்களுக்கு வினோதமான பேராமே?

பேஷன்ஸ் (பொறுமை), ஃபியர் (பயம்), லவ் (அன்பு), ரெஸ்லிங் (மல்யுத்தம்). மூத்தவன் மட்டும் ஜோனதன், தப்பிச்சான்.

கேள்வி: கடைசில சொத்து ஏதும் சேர்த்தாரா?

1644ல செத்தப்ப கணக்கெடுத்தா சுமார் 400 புத்தகம். நிலமும் இருந்துச்சு, பிளிமத் பக்கத்துல டக்ஸ்பரில.