தீர்மானம் போட்டாச்சு, அப்புறம்?

கிராம சபையிலும் நகர்மன்றத்திலும் போடப்படும் தீர்மானங்களைப் பற்றி வந்த கடிதங்களிலிருந்து ஐந்து கேள்விகள். குறை சொல்லப்பட்ட ஊர்களின் பெயரை எடுத்துவிட்டோம்.

கேள்வி: எங்கள் நகர்மன்றக் கூட்டத்தில் மத்திய அரசின் சட்டம் ஒன்றைக் கண்டித்து ஒன்றரை மணி நேரம் பேச்சு, கூச்சல், வெளிநடப்பு. பிறகு அஜெண்டாவில் இருந்த 43 பொருள்களும் ஐந்து நிமிடத்தில் 'ஆல் பாஸ்'. நாட்டு அரசியலைப் பேச நகர்மன்றத்துக்கு உரிமை இருக்கிறதா?
– முதல் முறை கவுன்சிலர், டெல்டா மாவட்டம்

பதில்: தலைவர் அனுமதித்தால் பேசலாம். 'நகராட்சி நிர்வாகத்தோடு தொடர்பில்லாத பொருள்' என்று அவர் தள்ளிவிட்டால் எதிர்த்து வாதாட இடம் குறைவு. அரசியலமைப்பின் 12-ஆம் அட்டவணை நகராட்சிகளுக்கு என்று 18 இனங்களைச் சொல்கிறது. 8-ஆவது இனத்தில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு வருகிறது. 17-ஆவதில் தெருவிளக்கு, பேருந்து நிறுத்தத்தோடு சேர்த்து வாகன நிறுத்துமிடமும் பெயர் சொல்லியே இருக்கிறது. குடியுரிமை, வேளாண் வணிகம், போர், சமாதானம் எதுவும் அந்தப் பட்டியலில் கிடையாது.

அதனால் அந்தப் பேச்சே வீண் என்று சொல்ல மாட்டோம். தீர்மானம் என்ற ஒரே சொல்லில் இரண்டு சரக்கு இருக்கிறது. தன் அதிகாரத்துக்குள் மன்றம் போடுவது உத்தரவு. அதற்கு வெளியே போடுவது மனு. அமெரிக்காவின் சியாட்டில் நகர மன்றம் 2020 பிப்ரவரி 3 அன்று இந்தியாவின் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. அந்தச் சட்டத்தின் விதிகள் 2024 மார்ச் 11 அன்று வந்தேவிட்டன. மனுதானே என்று எல்லோரும் சும்மா விட்டுவிடுவதும் இல்லை. 2020 அக்டோபர் 2 கிராம சபைகளில் மூன்று வேளாண் சட்டங்களுக்கு எதிராகத் தீர்மானம் போடச் சொல்லி அன்று எதிர்க்கட்சியாக இருந்த தி.மு.க. அழைப்பு விடுத்தது, கொரோனாவைக் காரணம் சொல்லி முதல் நாளே தமிழக அரசு கூட்டங்களை ரத்து செய்தது.

உங்கள் கூட்டத்தில் நீங்கள் கவலைப்பட வேண்டியது அந்த ஐந்து நிமிடத்தைப் பற்றித்தான். அஜெண்டா கைக்கு வந்த அன்றே மூன்று வகைப் பொருள்களைப் பென்சிலால் வட்டமிடுங்கள். ஏற்கெனவே செலவழித்துவிட்டு ஒப்புதல் கேட்கும் 'பின்னேற்பு'. 'குத்தகைக் காலம் நீட்டிப்பு'. மதிப்பீட்டுத் தொகை திருத்தியது. பணம் பெரும்பாலும் இந்த மூன்றில்தான் இருக்கும். வட்டமிட்ட எண்களைத் தனித்தனியாக விவாதிக்கக் கேட்டு, கூட்டத்துக்கு முன்பே ஆணையருக்குக் கடிதம் கொடுத்து, நகலில் தேதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். 'ஆல் பாஸ்' என்ற குரல் எழும்போது, 'பொருள் எண் 17, 29 தவிர' என்று எண்ணைச் சொல்லி எழுந்து நின்று, ஆட்சேபத்தை எழுத்தில் கொடுங்கள். வெளிநடப்பு செய்துவிட்டால் கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் (மினிட்) 'ஏகமனதாக' என்று ஏறிவிடும். அதைப் பிறகு மாற்றுவது பெரும்பாடு.

கேள்வி: கிராம சபையில் கல்குவாரிக்கு எதிராக இரண்டு முறை தீர்மானம் போட்டோம். இருந்தும் அனுமதி கொடுத்துவிட்டார்கள். அரிட்டாபட்டியில் மட்டும் தீர்மானம் எப்படி ஜெயித்தது?
– வாசகர், மேற்கு மாவட்டம்

பதில்: அரிட்டாபட்டியில் தீர்மானம் தனியாக ஜெயிக்கவில்லை. தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். மதுரை மேலூர்ப் பகுதியில் அரிட்டாபட்டியும் அடங்கிய நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க வட்டாரத்துக்கான ஏலத்தில் வென்ற நிறுவனத்தை 2024 நவம்பர் 7 அன்று மத்திய அரசு அறிவித்தது. நவம்பர் 1-இல் நடந்திருக்க வேண்டிய உள்ளாட்சி தின கிராம சபை அந்த ஆண்டு நவம்பர் 23-க்குத் தள்ளிப்போயிருந்தது. சுற்றுவட்டார ஊராட்சிகள் அன்று தீர்மானம் போட்டன. டிசம்பர் 9 அன்று சட்டமன்றத் தீர்மானம். ஜனவரி 7 அன்று மதுரை நகருக்குள் ஆயிரக்கணக்கானோர் பேரணி. ஜனவரி 23 அன்று ஏலம் ரத்து. கனிமச் சட்டத்தின் 2023 திருத்தத்துக்குப் பிறகு டங்ஸ்டன் போன்ற கனிமங்களின் ஏலம் மத்திய அரசின் கையில் இருப்பதால், சட்டப்படி அந்தக் கிராம சபைகளால் எதையும் நிறுத்தியிருக்க முடியாது. பல ஊர்கள் ஒரே நாளில் ஒரே குரலில் பேசியதற்கான சான்றாக அந்தத் தாள்கள் நின்றன. அரிட்டாபட்டியில் 193 ஹெக்டேர் 2022-லேயே பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டிருந்ததும் கைகொடுத்தது. பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக ஏகனாபுரம் கிராம சபையும் திரும்பத் திரும்பத் தீர்மானம் போட்டிருக்கிறது. திட்டம் நகர்ந்துகொண்டேதான் இருக்கிறது.

ஒடிசாவின் நியமகிரியை உதாரணமாகச் சொல்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். 2013-இல் அங்கே 12 கிராம சபைகள் பாக்சைட் சுரங்கத்தை மறுத்தது செல்லுபடியானதற்கு வன உரிமைச் சட்டமும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் பின்னால் இருந்தன. தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி (பழங்குடியினருக்காக அரசியலமைப்பின்படி அறிவிக்கப்படும் பகுதி) கிடையாது. பட்டா நிலக் குவாரிக்கு அந்தத் தீர்ப்பை நீட்டினால் அதிகாரிகள் ஒரே வரியில் பதில் எழுதிவிடுவார்கள்.

இனி உங்கள் தீர்மானத்துக்கு வருவோம். பெரும்பாலான ஊர்களில் இப்படித்தான் எழுதுகிறார்கள்: 'எங்கள் ஊருக்குக் கல்குவாரி வேண்டாம் என இக்கிராம சபை ஏகமனதாகத் தீர்மானிக்கிறது.' இதைப் படிக்கும் அதிகாரிக்குச் செய்ய வேலை எதுவும் இல்லை. இப்படி எழுதிப் பாருங்கள்: 'இன்ன புல எண்ணில் கேட்கப்பட்டுள்ள குவாரியின் எல்லை, கிழக்கேயுள்ள குடியிருப்பிலிருந்து 210 மீட்டரில் வருகிறது. தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள் குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் குவாரியை அனுமதிப்பதில்லை. எனவே இன்ன தேதியிட்ட குத்தகை மனுவை நிராகரிக்குமாறு மாவட்ட ஆட்சியரைக் கேட்டுக்கொள்கிறது.' புல எண், தூரம், விதி, யார் என்ன செய்ய வேண்டும் என்ற நான்கும் அதில் இருக்கின்றன. தூரத்தைச் செல்போனில் அளந்து எழுதிவிடாதீர்கள். கிராம வரைபடத்தின் நகலில் குறித்து, சர்வேயர் அளவு கேட்டு மனு போட்டு, அந்த மனுவின் எண்ணையும் தீர்மானத்தில் சேர்க்கலாம்.

கோரம், அதாவது குறைந்தபட்ச வருகை, இல்லாத தீர்மானம் முதல் கேள்வியிலேயே விழுந்துவிடும். மக்கள்தொகை 500 வரை 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 பேர் வந்திருக்க வேண்டும். வருகைப் பதிவேட்டில் கையெழுத்து குறைந்தால், கூடியிருந்த கூட்டத்தின் வீடியோவைக் காட்டிப் பயனில்லை. தீர்மானப் புத்தகத்தில் கடைசி வரிக்குக் கீழே கோடு இழுத்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். வெற்றுப் பக்கத்தில் போட்ட கையெழுத்துக்கு மேலே எது வேண்டுமானாலும் ஏறும்.

அடுத்தது கெடு. சுற்றுச்சூழல் அனுமதிக்கான கருத்துக் கேட்புக் கூட்டம் உண்டென்றால், குறைந்தது 30 நாள் முன்னதாகச் செய்தித்தாளில் அறிவிப்பு வர வேண்டும். பேசியவற்றின் தொகுப்பைக் கூட்ட முடிவில் தமிழில் வாசிக்க வேண்டும். விட்டுப்போனதை அங்கேயே சொல்லிச் சேர்க்க வையுங்கள். 5 ஹெக்டேருக்கு உட்பட்ட தனிக் குவாரிகளுக்குப் பெரும்பாலும் இந்தக் கூட்டம் இல்லை. அங்கே ஊர்க் கருத்து பதிவாகும் ஒரே இடம் கிராம சபைதான். அனுமதி கொடுத்துவிட்டால் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள். தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள். 91-ஆவது நாள் போனால் கதவு மூடியிருக்கும். உங்கள் அனுமதி ஆணையின் தேதியை முதலில் பாருங்கள்.

கேள்வி: கடைவீதியில் ஒருபுறம் மட்டும் வண்டி நிறுத்துவது, கார்களுக்குக் கட்டணம் என்று நகர்மன்றம் தீர்மானம் போட்டு எட்டு மாதம் ஆகிறது. ஒரு போர்டுகூட வரவில்லையே?
– வாசகி, தென்மாவட்ட நகராட்சி ஒன்று

பதில்: டெல்லியைக் கண்டித்துத் தீர்மானம் போட்டால் எவரும் கவுன்சிலர் வீட்டுக் கதவைத் தட்டப்போவதில்லை. வண்டி எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று போட்டால் அன்று சாயங்காலமே இருபது கடைக்காரர்கள் வாசலில் நிற்பார்கள். தாமதத்துக்கு முதல் காரணம் அதுதான். மற்றவை நிர்வாகக் காரணங்கள்.

அந்தச் சாலை யாருடையது? பல ஊர்க் கடைவீதிகள் நெடுஞ்சாலைத் துறையின் பதிவேட்டில் இருக்கின்றன. அப்படியானால் நகராட்சி கோடு போடவே அத்துறையின் சம்மதம் வேண்டும். அடுத்து, வண்டி நிற்கும் இடத்தை நிர்ணயிப்பது மோட்டார் வாகனச் சட்டம் 117-ஆவது பிரிவின்படி மாநில அரசு அல்லது அது அதிகாரம் அளித்த அலுவலர். உள்ளாட்சியைக் கலந்துகொள்ள வேண்டும் என்றுதான் அந்தப் பிரிவு சொல்கிறது. ஆகவே மன்றத் தீர்மானம் அரைக்கிணறுதான்; ஆட்சியருக்கும் காவல் கண்காணிப்பாளருக்கும் கருத்துரு போய், ஆணை வர வேண்டும். அபராதம் போடுவது போலீஸ்: முதல் முறை 500 ரூபாய், அடுத்த முறை 1,500. ஆணையும் போர்டும் இல்லாமல் போட்ட அபராதம் கேள்வி கேட்டால் நிற்காது. எனவே 'தீர்மான எண் இன்னதன்மீது கருத்துரு அனுப்பப்பட்டதா, எந்தத் தேதியில், யாருக்கு' என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள்.

திட்டமே சரியா என்பதையும் டேப் வைத்துப் பார்த்துவிடலாம். ஒரு பேருந்தின் அகலம் கண்ணாடி நீங்கலாக 2.6 மீட்டர் வரை இருக்கும். இரண்டு பேருந்து எதிரெதிரே போக 6 மீட்டராவது வேண்டும். உங்கள் வீதி 9 மீட்டர் என்றால், ஒரு பக்கம் கார் நின்றால் 6.5 மிஞ்சும், ஓட்டிவிடலாம். இரு பக்கமும் நின்றால் 4 மீட்டர், பேருந்து சிக்கிக்கொள்ளும். 100 மீட்டர் நீளத்தில் சாலையோரமாக வரிசையாக நிறுத்தினால் கார் ஒன்றுக்கு 6 மீட்டர் வீதம் 16 கார்தான். அதே நீளத்தில் இருசக்கர வண்டி, ஒன்றுக்கு ஒரு மீட்டர் வைத்தால் 100. முக்கு, டிரான்ஸ்பார்மர், வீட்டு வாசல், பேருந்து நிறுத்தம் கழித்தால் 10 காரும் 60 வண்டியும் தேறும். 16 காருக்கு வருமானம் கணக்குப் போட்டுக் குத்தகை விட்டால், ஒப்பந்தக்காரர் மீதியை நடைபாதையில் எடுத்துக்கொள்வார்.

இன்னொன்றையும் எண்ணிவிடுங்கள். ஒரு வேலை நாளில் அரை மணிக்கு ஒரு தடவை வீதியை நடந்து, நிற்கும் வண்டிகளின் கடைசி நான்கு எண்களைக் குறியுங்கள். காலை 9-க்கு வந்து இரவு 9-க்குப் போகும் எண்கள் தனியாகத் தெரியும். அவை அனேகமாகக் கடை முதலாளி, ஊழியர் வண்டிகளாகவே இருக்கும். வாடிக்கையாளர் ஒருவர் முக்கால் மணி நேரம் நிறுத்துவதாக வைத்தால், ஊழியர் வண்டி நிற்கும் ஓர் இடத்தில் ஒரு நாளைக்கு 16 வாடிக்கையாளர் வண்டி நின்றிருக்கலாம். 'கட்டணம் வந்தால் வியாபாரம் படுத்துவிடும்' என்ற வாதத்துக்கு இந்தத் தாளைத்தான் மேஜைமேல் வைக்க வேண்டும். கையோடு ஊழியர் வண்டிகளுக்குப் பின் தெருவிலோ பழைய சந்தைத் திடலிலோ மாதச் சீட்டில் இடம் காட்டாவிட்டால் திட்டம் ஒரு வாரம்கூடத் தாங்காது.

தேதி மாற்றி, ஒற்றைப்படைக்கு இடப்புறம், இரட்டைப்படைக்கு வலப்புறம் என்று வைப்பது கடைக்காரர் இருதரப்பையும் சமாதானப்படுத்தும். 31-க்கு அடுத்து 1 வரும்போது இரண்டு நாளும் ஒரே பக்கம் வரும். முதல் மாதமே சண்டை அதில்தான் தொடங்கும். கிழமை வைத்துப் பிரிப்பது மேல். சரக்கு லாரிகளுக்கு நேரக் கட்டுப்பாடு வேண்டுமென்றால் அதே மோட்டார் வாகனச் சட்டத்தின் 115-ஆவது பிரிவில் ஒரு மாதம் வரைக்கும் அரசிதழ் அறிவிப்பு இல்லாமலே, உள்ளூரில் விளம்பரம் செய்து சோதித்துப் பார்க்கலாம். தரைக்கடைகளை அப்புறப்படுத்தி இடம் பிடிப்பது குறுக்கு வழி. 2014 தெருவோர வியாபாரிகள் சட்டப்படி நகர விற்பனைக் குழுவைக் கேட்காமல் அதைச் செய்தால் விஷயம் நீதிமன்றத்துக்குப் போய்விடும்.

கேள்வி: சுற்றுச்சூழல் கொள்கைக்கும் பார்க்கிங்குக்கும் என்ன சம்பந்தம்?
– வாசகர், சென்னை

பதில்: பாரிஸில் 2024 பிப்ரவரி 4 அன்று இதற்கு நகரவாசிகளிடம் ஓட்டே எடுத்தார்கள். மாசைக் குறைக்கக் கனமான கார்களுக்கு நிறுத்தக் கட்டணத்தை மூன்று மடங்காக்கலாமா என்பது கேள்வி. ஆம் என்றது 54 சதவீதத்துக்குச் சற்று மேல். ஓட்டுப் போட வந்தவர்கள் 6 சதவீதம்கூட இல்லை. 2024 அக்டோபர் 1 முதல் 1.6 டன்னுக்கு மேற்பட்ட வெளியூர்ப் பெட்ரோல், டீசல் கார் நகர மையத்தில் நிற்க மணிக்கு 18 யூரோ. எந்தக் கார் விற்கலாம் என்று சொல்ல நகராட்சிக்கு அதிகாரம் இல்லை. தன் தெருவில் நிற்க என்ன விலை என்று சொல்ல இருக்கிறது. கையில் இருந்த கருவியை எடுத்தார்கள்.

கேள்வி: பேருந்து நிலைய வாகன ஸ்டாண்டில் போர்டில் 10 ரூபாய், கையில் வாங்குவது 20. என்ன செய்யலாம்?
– வாசகர், வடமாவட்டம்

பதில்: வாக்குவாதம் வேண்டாம். சீட்டைக் கேட்டு வாங்குங்கள். அதில் நகராட்சி பெயர், வரிசை எண், தேதி, நேரம், தொகை இருக்கிறதா என்று பாருங்கள். சீட்டையும் கட்டணப் போர்டையும் ஒரே படத்தில் வருமாறு எடுத்து ஆணையருக்கு மனு போடுங்கள். போர்டே இல்லையென்றால் குத்தகை ஒப்பந்த நகல், கட்டணம் நிர்ணயித்த தீர்மானம், குத்தகை முடியும் தேதி மூன்றையும் தகவல் உரிமையில் கேளுங்கள். மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். குத்தகை முடிந்த பிறகும் ஆள் நின்று வசூலிப்பது அந்தத் தேதியில்தான் வெளிவரும்.