மேக்ஸ் விமானம்: ஏஜென்ட்டுக்குக் கூடுதல் பணம் எதற்கு?

கேள்வி: அமெரிக்காவில் படிக்கும் என் மகள் அடுத்த மாதம் சியாட்டிலிலிருந்து உள்நாட்டு விமானத்தில் போகிறாள். "போயிங் 737 மேக்ஸ் வராது, நான் கேரண்டி" என்று இங்குள்ள ஏஜென்ட் கூடுதலாக எட்டாயிரம் ரூபாய் கேட்கிறார். போயிங் ஊழியர்களே போயிங் விமானத்தைச் சோதித்துக் கையெழுத்துப் போடுகிறார்களாமே? அந்த அரசுச் சான்றை நம்பலாமா? - வாசகர், திருச்சி

பதில்: முதலில் அந்த எட்டாயிரம். கொடுக்காதீர்கள். கடைசி நேரத்தில்கூட விமானத்தை மாற்றும் உரிமை டிக்கெட் நிபந்தனைகளிலேயே விமான நிறுவனத்துக்கு உண்டு. நிறுவனமே தராத உறுதியை ஏஜென்ட் எப்படித் தருவார்? வேறு விமானம் வந்தால் பணத்தைத் திருப்புவதாக எழுதிக் கேளுங்கள். பேச்சு அதோடு நின்றுவிடும். ஒவ்வொரு விபத்துச் செய்திக்குப் பிறகும் பெற்றோரின் பயத்தைக் காசாக்க இப்படிச் சிலர் கிளம்பிவிடுகிறார்கள். எந்த வகை விமானம் என்பதை நிறுவனத்தின் இணையதளத்தில் நீங்களே இலவசமாகப் பார்க்கலாம். குறியீடு மட்டும் இருந்தால், 7எம்8 என்பது மேக்ஸ் 8. 7எம்9 என்பது மேக்ஸ் 9.

கையெழுத்து விஷயம் உண்மைதான். எஃப்.ஏ.ஏ. எனப்படும் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம், சோதனை வேலையில் பெரும்பகுதியைத் தயாரிப்பாளரின் ஊழியர்களிடமே ஒப்படைத்திருக்கிறது. அவர்களுக்குச் சம்பளம் தருவது போயிங். 2018 அக்டோபர் 5-ல் கையெழுத்தான சட்டம் இந்த ஒப்படைப்பை இன்னும் விரிவாக்கியது. அதே மாதம் 29-ல் இந்தோனேசியாவின் லயன் ஏர் நிறுவனத்தின் மேக்ஸ் விமானம் ஜாவா கடலில் விழுந்து 189 பேர் இறந்தார்கள். ஒரே ஒரு சென்சார் தவறாகக் காட்டியதை நம்பி, எம்கேஸ் என்ற மென்பொருள் விமானத்தின் மூக்கைத் திரும்பத் திரும்பக் கீழே தள்ளியது. அப்படி ஒன்று இருப்பதே விமானிகளின் கையேட்டில் இல்லை.

விபத்துக்குப் பின் எஃப்.ஏ.ஏ.வே கணக்குப் போட்டது: மென்பொருளைத் திருத்தாவிட்டால் மேக்ஸ் விமானங்களின் ஆயுட்காலத்தில் 15 பெரும் விபத்துகள் நேரலாம். கணக்குப் போட்டும் பறக்கவிட்டார்கள்! 2019 மார்ச் 10-ல் எத்தியோப்பியாவில் இன்னும் 157 பேர். சீனா மறுநாளே மேக்ஸை நிறுத்தியது. எஃப்.ஏ.ஏ. 13-ம் தேதிவரை இழுத்தடித்தது. இதை எந்த நிர்வாக விளக்கத்தாலும் நியாயப்படுத்த முடியாது.

ஆனால் உங்கள் மகள் ஏறப்போவது அன்றைய மேக்ஸில் அல்ல. இருபது மாதம் தரையில் நிறுத்தித் திருத்தினார்கள். ஐரோப்பாவும் கனடாவும் அமெரிக்கச் சான்றை அப்படியே ஏற்காமல் தனியாக ஆராய்ந்தன. மென்பொருள் இப்போது இரண்டு சென்சார்களையும் ஒப்பிடுகிறது. எஃப்.ஏ.ஏ. மட்டும் கையெழுத்துப் போட்டிருந்தால் நானும் தயங்கியிருப்பேன்.

தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. 2024 ஜனவரி 5-ல் அலாஸ்கா ஏர்லைன்ஸின் மேக்ஸ் 9 நடுவானில் பறந்தபோது, கதவு வரவேண்டிய இடத்தை அடைத்திருந்த பலகை பிய்த்துக்கொண்டு போனது. அதைப் பிடித்திருக்க வேண்டிய நான்கு போல்ட்டுகளைத் தொழிற்சாலையில் திரும்பப் பொருத்தவே இல்லை. அந்தப் பலகை மேக்ஸ் 8-ல் கிடையாது. மேக்ஸ் அல்லாத 737-900இஆர் விமானத்தில் உண்டு. அலாஸ்கா நிறுவனம் அதையும் ஓட்டுகிறது. எட்டாயிரம் வாங்கிக்கொண்டு ஏஜென்ட் மாற்றித் தரும் "மேக்ஸ் இல்லாத" விமானம் அதுவாகவே இருக்கலாம். சம்பவத்துக்குப் பின் மேக்ஸ் 9-களைத் தரையிறக்கி ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். 900இஆர்-ஐயும் சோதிக்கச் சொன்னார்கள். எனவே இரண்டில் எது வந்தாலும் ஏறட்டும். உட்கார்ந்திருக்கும் நேரமெல்லாம் பெல்ட்டைக் கழற்ற வேண்டாம் என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்.