அரையடிக் காய்ச்சல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மன்னார்குடிப் பக்கம் நெல் விவசாயம் செய்கிறேன். மகள் வேளாண்மையில் முதுகலை படிக்கிறாள். நெல் வயலில் தண்ணீரை மிச்சப்படுத்துவது பற்றி ஆய்வு. வயலில் ஒரு குழாயைப் புதைத்து, தண்ணீர் எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்து, அப்புறம் பாய்ச்ச வேண்டுமாம். மண்ணைக் கொஞ்சம் காயவிட்டுப் பிறகு பாய்ச்சுகிற இதைத்தானே என் தாத்தா ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ என்றார்? தெரிந்ததையே திரும்ப ஆராய இரண்டு வருடமும் இவ்வளவு செலவும் தேவையா? அவளிடம் கேட்க மனம் வரவில்லை, உங்களிடம் கேட்கிறேன்.

க.

அன்புள்ள க.,

உங்கள் தாத்தா சொன்னது சரிதான். என் சித்தப்பாவும் அதையே சொல்வார். செய்யாறு பக்கம் கிணற்றுப் பாசனத்தில் நவரைப் பருவத்து நெல் போடுகிறவர். ‘எத்தனை நாள் காயப்போடுவீர்கள்?’ என்று ஒருமுறை கேட்டேன். ‘மண்ணைப் பார்த்தால் தெரியும்’ என்றார். அவருக்குத் தெரியும். அவர் ஊரில் இல்லாத வாரத்தில் வயலைப் பார்த்துக்கொள்ளும் பையனுக்குத் தெரியாது. பயிர் காய்ந்துவிடுமோ என்ற பயத்தில் அவன் வரப்பு முட்ட நீர் கட்டிவிடுவான். கண்ணில் இருக்கிற அறிவை இன்னொருவர் கையில் கொடுக்க முடியாது என்பதுதான் சிக்கல்.

அந்தக் குழாய் இதற்காக வந்தது. பிலிப்பைன்ஸில் லாஸ் பானோஸில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் பரப்பிய கருவி. ஓர் அடி நீளமுள்ள பிளாஸ்டிக் குழாய், கீழ்ப்பாதி முழுக்க ஓட்டைகள். அந்தப் பாதியை மண்ணில் இறக்கி, உள்ளே இருக்கும் சேற்றை அள்ளிவிட வேண்டும். மண்ணுக்குள் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறதோ அதே மட்டம் குழாய்க்குள்ளும் தெரியும். மூங்கிலிலும் செய்யலாம். மண்மட்டத்திலிருந்து 15 சென்டிமீட்டர், அதாவது அரையடி, இறங்கும்வரை பயிருக்கு ஒன்றும் ஆகாது. அதன்பிறகு 5 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பாய்ச்சினால் போதும். நட்ட முதல் இரண்டு வாரம் களையை அடக்க நீர் நிற்க வேண்டும், பூக்கும் சமயத்தில் காயவிடக் கூடாது. விதி இவ்வளவுதான்.

சித்தப்பா வயலில் இதை வைத்துப் பார்த்தோம். மேல்மண் மயிரிழையாக வெடித்திருந்தது. முந்தைய வருடமாக இருந்தால் அன்றைக்கே மோட்டாரைப் போட்டிருப்பார். குழாய்க்குள் ஒரு காய்ந்த வேப்பங்குச்சியை விட்டு எடுத்தார். நனைந்த இடத்தை விரல் வைத்து அளந்தார். மண்மட்டத்துக்கு நாலு விரல் கீழே தண்ணீர் நின்றது. பயிர் பச்சையாகத்தான் இருந்தது. ‘எட்டு விரல் இறங்கட்டும், அப்புறம் பார்க்கலாம்’ என்று குச்சியை வரப்பில் செருகிவிட்டு வந்துவிட்டார். ஒரு ஏக்கரில் 5 சென்டிமீட்டர் தண்ணீர் என்றால் 2 லட்சம் லிட்டர். ஒரு பாய்ச்சல் தள்ளிப்போனால் எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போடலாம். கவனமாகச் செய்தால் விளைச்சல் குறையாமல் பாசன நீரில் 30 சதவீதம் வரை மிச்சமாகும். நீர் நின்ற மண்ணில் காற்றில்லாமல் உண்டாகும் மீத்தேன் வாயுவும் ஏறக்குறைய பாதியாகக் குறையும். தாத்தாவின் சொல்லுக்கு ஓர் அளவு கிடைத்தது, அந்த அளவு பையன் கைக்கும் போனது. எனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

ஆனால் உங்கள் கேள்வி வேறொரு இடத்தில் என்னைக் குத்தியது. இவ்வளவு எளிய கருவி இருந்தும் பக்கத்து வயலில் ஏன் இல்லை? சித்தப்பாவின் பக்கத்து வயல்காரர் மோட்டாரை ஆட்டோ ஸ்டார்ட்டரில் போட்டுவிட்டுத் தூங்குகிறார். மும்முனை மின்சாரம் எப்போது வரும், எப்போது போகும் என்று அவருக்கு நிச்சயமில்லை. விவசாயத்துக்கு மின்சாரக் கட்டணமும் இல்லை. வரும்போது வயலில் நிரப்பி வைப்பதுதான் அவருக்குப் புத்திசாலித்தனம். அவரை அறியாமைக்காரர் என்று சொல்ல நான் தயாராக இல்லை. பிலிப்பைன்ஸில் தார்லாக் மாகாணத்தில் 2002-ல் ஓர் ஆழ்துளைக் கிணற்றுப் பாசனக் குழுவில் இந்த முறையைச் சோதித்தார்கள். இறைக்கும் செலவை அங்கே விவசாயிகளே கொடுத்தார்கள். தள்ளிப்போகும் ஒவ்வொரு பாய்ச்சலும் அவர்கள் மடியில் காசு.

உங்களுடையது வாய்க்கால் பாசனம், அது இன்னும் கடினம். முறை வரும்போது பாய்ச்சாவிட்டால் அடுத்த முறை வருமா என்ற பயத்தை எந்தக் குழாயாலும் போக்க முடியாது. பிலிப்பைன்ஸிலேயே பொகோல் தீவில் இதே கதை. வாய்க்காலின் தொடக்கத்தில் இருக்கும் தலைமடைக்காரர்கள் இஷ்டத்துக்குப் பாய்ச்ச, கடைசியில் இருக்கும் கடைமடை வறண்டது. அங்கே ஒரு புதிய அணை கட்டினார்கள். அதோடு நிற்காமல், காய்ச்சல் பாய்ச்சலுக்கு ஏற்ற மாதிரி தண்ணீர் திறக்கும் முறையையும் ஊர் முழுக்க ஒன்றாக மாற்றினார்கள். எல்லா நிலத்திலும் இரண்டு போகம் விளைந்தால் 200 சதவீதம் என்று கணக்கு. அங்கே 119 சதவீதமாக இருந்தது 160 சதவீதம் ஆனது. தனி வயலில் குழாய் புதைத்து மட்டும் இது நடந்திருக்காது.

உங்கள் மகளிடம் இதைக் கேளுங்கள் என்பேன். குழாயில் தினமும் தண்ணீர் மட்டத்தைக் குறிக்கிறாள் அல்லவா, அதே நோட்டில் பக்கத்தில் இன்னொரு கட்டம் போடட்டும். வாய்க்காலில் தண்ணீர் வரும் என்று சொன்ன தேதி எது, உண்மையில் வந்த தேதி எது. முதல் போகமான குறுவையிலிருந்து அடுத்த போகமான தாளடி அறுப்பு வரைக்கும். அந்த இரண்டு கட்டத்துக்கும் இடையில் எத்தனை நாள் விழுகிறது என்பது உங்கள் தாத்தாவுக்கும் தெரிந்திருக்கும், ஆனால் அவர் எழுதி வைக்கவில்லை. அவள் எழுதி முடித்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்பினால் மிகவும் மகிழ்வேன்.

அன்புடன்