‘இன்னும்’ என்ற சொல்

அன்புள்ள ஐயா,
எனக்கு 34 வயது. மென்பொருள் துறையில் வேலை. மூன்று தியான முகாம்களுக்குச் சென்றுவந்தும் உண்மையான நான் யாரென்று இன்னும் தெரியவில்லை. வேலையை விட்டுவிட்டு முழுமூச்சாகத் தேடலாமா? எந்த நூலிலிருந்து தொடங்குவது?
ஆர்.

அன்புள்ள ஆர்.,

நூற்பட்டியல் தருவதாக இல்லை. வேலையை விடுவதைப் பற்றி உங்கள் வீட்டாரைக் கேளுங்கள். மாத வாடகைக்கு நான் பொறுப்பேற்க முடியாது. உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது ‘இன்னும்’ என்ற சொல்தான். ‘நான்’ என்பது மண்ணுக்கடியில் முழுதாகக் கிடக்கும் செப்புக்குடம் போலவும், மூன்று இடத்தில் தோண்டியும் அகப்படாதது உங்களுக்கு இழைக்கப்பட்ட அநீதி போலவும் எழுதியிருக்கிறீர்கள்.

சில வாரங்களாக உ.வே.சாமிநாதையரையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். 1880இல், 25 வயதில், அவர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர் என்ற பெருமிதம் வேறு. தாம் யாரென்று அவருக்கு ஐயமே இருந்திருக்காது. அவ்வூருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார் என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்க, இவர் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ் என்று அடுக்கிக்கொண்டே போனார். முதலியார் அசையவில்லை. அவற்றைப் படித்து என்ன பயன் என்று கேட்டுவிட்டு, சமணக் காப்பியமான சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்றார். படித்ததில்லை.

அன்றைக்கு அவர் கண்மூடி உள்ளே தேடியிருந்தால் அந்தாதிகள்தாம் அகப்பட்டிருக்கும். சைவ மடத்தில் வளர்ந்த அந்த மனிதர், புரியாத சொற்களின் பொருள் கேட்டு அவ்வூர்ச் சமணர்களின் வீட்டுக்குச் சென்று உட்கார்ந்தார்; ஏடுகளை ஒப்பிட்டுப் பாடபேதங்களைக் குறித்துவைத்தார்; ஏழாண்டு உழைப்பில், 1887இல், சிந்தாமணி அச்சில் வந்தது. நாம் அறிந்த உ.வே.சா. 1880இல் எங்கும் ஒளிந்திருக்கவில்லை, ஆர்.! அந்த ஏடுகளோடு மல்லுக்கட்டியதில் உருவானவர் அவர். அதோடும் முடியவில்லை, 1937இல் குறுந்தொகைப் பதிப்பை வெளியிட்டபோது அவருக்கு வயது 82. நீங்களோ மூன்று முகாம்களில் களைத்துப்போய்விட்டீர்கள்!

கடுமையாக எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வயதில் நானும் இப்படித்தான் உள்ளே துழாவிக்கொண்டிருந்தேன். என் தவிப்பைத் தவிர வேறெதுவும் கையில் தட்டுப்படவில்லை.

என் அம்மா நாற்பது ஆண்டுகளாக, ‘எனக்குக் கணக்கு வராது’ என்று சொல்லிவந்தவர். அது தம் இயல்பு என்றே நம்பினார், நாங்களும் நம்பினோம். அப்பா காலமானபின், 61 வயதில், வங்கிப் புத்தகத்தை வேறு வழியின்றிக் கையில் எடுத்தார். முதல் மாதம் அழுதார். மூன்றாம் மாதம் வங்கி பிடித்தம் செய்திருந்த ஒரு தொகை தவறென்று கண்டுபிடித்து, தனியாகவே சென்று வாதாடி மீட்டுவந்தார். இப்போது தெருவிலுள்ள மகளிர் குழுவின் வரவு செலவு அவரிடம்தான் இருக்கிறது. சென்ற வாரம் ஊருக்குப் போயிருந்தபோது, ‘உன் வருமான வரிக் கணக்கைக் கொண்டுவந்தாயா?’ என்று மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடியே கேட்டார்.