நாளையும் வருகிறவர்கள் சாப்பிடும் இடம்

வணக்கம்.

வேலை நிமித்தமாக அடிக்கடி ஒரு பெருநகர ரயில் நிலையத்தில் இறங்கி, அடுத்த வண்டிக்காகக் காத்திருக்க நேர்கிறது. இடையில் மதியச் சாப்பாட்டுக்கு ஒன்றரை மணி நேரம் கிடைக்கும். நிலையத்தைச் சுற்றி எங்கே திரும்பினாலும் உணவகங்கள்தான். ஆனால் ஒருமுறைகூட மனநிறைவோடு சாப்பிட்டு எழுந்ததில்லை. கைப்பேசியில் நல்ல மதிப்பெண் பெற்ற இடங்களுக்குப் போய்ப் பார்த்தேன். கூட்டம் நிரம்பிய இடங்களை நம்பி நுழைந்தும் ஏமாந்தேன். இத்தனை பேர் போட்டி போடும் இடத்தில் சாப்பாடு நன்றாக அல்லவா இருக்க வேண்டும்? நல்ல இடத்தைக் கண்டுபிடிக்க ஏதேனும் வழி உண்டா? ஒருவேளைச் சாப்பாட்டுக்கு இவ்வளவு யோசனையா என்று நண்பர்கள் கேட்கிறார்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள வாசகருக்கு,

நண்பர்கள் சொல்வதைப் பொருட்படுத்தாதீர்கள். காலையில் அரைகுறையாகச் சாப்பிட்டுக் கிளம்பி, இரவு எத்தனை மணிக்கு வீடு சேர்வோம் என்று தெரியாமல் பயணம் செய்பவருக்கு, உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடக் கிடைக்கும் ஒரே வேளை மதியம்தான். அதைப் பற்றி யோசிப்பதில் தவறே இல்லை.

போட்டி இருந்தும் ஏன் தரம் இல்லை என்பதுதான் உங்கள் கடிதத்தில் முக்கியமான கேள்வி. பிலிப் நெல்சன் என்ற பொருளியலாளர் 1970-இல் பொருட்களை இரண்டாகப் பிரித்தார்: வாங்கும் முன்பே பார்த்துத் தரம் அறியக்கூடியவை, பயன்படுத்திய பிறகே தரம் தெரியவருபவை. சாப்பாடு பெரும்பாலும் இரண்டாம் வகை. அத்தகைய பொருளில் வாங்குபவரின் கையில் இருக்கும் வலுவான ஆயுதம், பிடிக்கவில்லை என்றால் மறுபடி வராமல் இருப்பது. நிலைய வாசலில் அந்த ஆயுதம் செல்லாது. ஏமாந்தவர் அடுத்த வண்டியில் போய்விடுகிறார். அவர் எழுந்த இருக்கையில், எதுவும் தெரியாத இன்னொருவர் வந்து உட்காருகிறார். விவரம் தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் கலந்திருக்கும் சந்தையில், ஒரே பொருளை நியாயமான விலைக்கு விற்கும் கடையும் கூடுதல் விலைக்கு விற்கும் கடையும் ஒருசேர நிலைத்திருக்க முடியும் என்று ஸ்டீவன் சாலப், ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் என்ற பொருளியலாளர்கள் இருவரும் 1977-இல் எழுதிய கட்டுரை காட்டியது. விலையைப் பற்றி அவர்கள் சொன்னது சாப்பாட்டின் தரத்துக்கும் பொருந்தும் என்றே நான் கருதுகிறேன்.

இதோடு வாடகையும் சேர்கிறது. பயணிகள் முதலில் கால் வைக்கும் இடத்தில்தான் வாடகை உச்சத்தில் இருக்கும். அந்த வாடகையைச் சாப்பாட்டிலிருந்துதான் எடுத்தாக வேண்டும் என்பதால், உட்காரும் இடத்தைக் கூட்டிச் சமையலறையைச் சுருக்குவார்கள். எங்கோ சமைத்துக் கொண்டுவந்ததைச் சூடாக்கிப் பரிமாறுவார்கள். வாசலில் இருந்து தள்ளிப் போகப் போக இந்த நெருக்கடி தளர்கிறது.

ஆகவே நீங்கள் தேட வேண்டியது நல்ல உணவகத்தை அல்ல. நாளைக்கும் அதே வட்டாரத்தில் சாப்பிட்டாக வேண்டிய மனிதர்களை. பெரிய நிலையம் எதுவானாலும் அதைச் சுற்றி அப்படிப்பட்டவர்கள் நூற்றுக்கணக்கில் இருப்பார்கள். நிலைய ஊழியர்கள், பார்சல் பகுதியில் மூட்டை ஏற்றி இறக்குபவர்கள், வங்கிக் கிளைகளிலும் அச்சகங்களிலும் மொத்த வியாபாரக் கடைகளிலும் வேலை செய்பவர்கள். இவர்களுக்கு மதிய இடைவேளை குறைவு, செலவழிக்கும் பணத்துக்கும் கணக்கு உண்டு. ஓர் உணவகம் இரண்டு நாள் சொதப்பினால் மூன்றாம் நாள் வேறு இடத்துக்குப் போய்விடுவார்கள். அவர்களை நம்பிப் பிழைக்கும் சமையற்காரர் கை தளர முடியாது.

அவர்களைப் பெரும்பாலும் முன்வாசலில் பார்க்க முடியாது. நிலையத்தின் வரைபடத்தில் பின்வாசல், பார்சல் வாசல், ஊழியர் குடியிருப்புப் பக்கம் என்று இருப்பவற்றைப் பாருங்கள். அங்கிருந்து ஐந்து நிமிடம் நடந்தால் ஏறக்குறைய 400 மீட்டர் ஆகும். பெட்டியோடு வரும் பயணி பொதுவாக அவ்வளவு தூரம் நடக்க மாட்டார். நீங்களும் பெட்டியைச் சுமந்துகொண்டு தேட வேண்டாம். பொருள் வைப்பறையில் போட்டுவிட்டு வெறுங்கையோடு போங்கள். அதற்கு ஆகும் பத்து நிமிடத்தை இழப்பாக நினைக்காதீர்கள்.

யாரிடமாவது கேட்பதென்றால், இங்கே எங்கே சாப்பாடு நன்றாக இருக்கும் என்று கேட்காதீர்கள். உங்கள் உடையையும் பெட்டியையும் பார்த்து, உங்களுக்கு ஏற்றது என்று அவர்கள் நினைக்கும் பெரிய இடத்தைக் காட்டிவிடுவார்கள். நேற்று மதியம் நீங்கள் எங்கே சாப்பிட்டீர்கள் என்று கேளுங்கள். அதற்குப் பதிலாகப் பெயர்ப்பலகைகூட இல்லாத ஓர் இடம் வரலாம், போய்ப் பாருங்கள்.

கூட்டத்தை நம்பி ஏமாந்ததாக எழுதியிருக்கிறீர்கள். கூட்டம் எவ்வளவு என்பதைவிட, யாருடைய கூட்டம் என்பதுதான் முக்கியம். வாசலில் ஓரமாக ஒரு நிமிடம் நின்று கவனித்தால் அது தெரிந்துவிடும். வழக்கமாக வருகிறவர் விலைப்பலகையை நிமிர்ந்து பார்ப்பதில்லை. உள்ளே நுழைந்ததும் நேராகக் கைகழுவும் இடத்துக்குப் போவார். அவர் திரும்புவதற்குள், வாய்திறந்து கேட்காமலே, அவருடைய இடத்தில் தண்ணீர் வந்திருக்கும். பரிமாறுபவர் அவரிடம் என்ன வேண்டும் என்று கேட்பதைவிட, இன்று எது தீர்ந்துவிட்டது என்று சொல்வார். தீர்ந்துபோவது நல்ல அடையாளம், ஏனென்றால் இன்று எத்தனை பேர் வருவார்கள் என்று கணக்குப் பார்த்து இன்றைக்கே சமைத்திருக்கிறார்கள் என்று அதற்குப் பொருள். நீண்ட பட்டியல் முழுவதும் பிற்பகல் மூன்று மணிக்கும் கிடைக்கும் இடம்தான் என்னைத் தயங்க வைக்கும்.

கைப்பேசி மதிப்பெண்களை முற்றிலும் தள்ளிவிட வேண்டியதில்லை. ஆனால் நிலையப் பக்கத்து உணவகங்களுக்கு எழுதுபவர்களில் பலரும் ஒரே ஒரு முறை வந்தவர்கள். சராசரி எண்ணை விட்டுவிட்டு, வருடக்கணக்காக இங்கே சாப்பிடுகிறேன், முன்பு போல இல்லை, புதுச் சமையற்காரர் வந்திருக்கிறார் என்பது போன்ற வரிகளைத் தேடுங்கள். குறையாகவே எழுதியிருந்தாலும் அத்தகைய குறிப்பிலிருந்து கிடைக்கும் தகவல் அதிகம்.

நேரத்தைப் பொறுத்தவரை, அலுவலகக் கூட்டம் இறங்குவதற்குக் கால்மணி நேரம் முன்னால் போய்விடுவது நல்லது. சமைத்தது அப்போதுதான் இறங்கியிருக்கும். வரிசை இருந்தால் ஊகித்துத் தவிக்க வேண்டாம்; அதற்கு எளிய கணக்கு உண்டு. ஜான் லிட்டில் என்ற ஆய்வாளர் 1961-இல் நிறுவிய விதிப்படி, சராசரிக் காத்திருப்பு என்பது வரிசையில் இருப்பவர்களின் எண்ணிக்கையை, நிமிடத்துக்கு எத்தனை பேர் நகர்கிறார்கள் என்பதால் வகுத்தால் வருவது. உங்களுக்கு முன்னால் 20 பேர் நின்று, இரண்டு நிமிடத்தில் 5 பேர் உள்ளே போனால், உங்கள் முறை வர ஏறக்குறைய 8 நிமிடம் ஆகும். நீளமாக இருந்தாலும் வேகமாக நகரும் வரிசையில் தைரியமாக நிற்கலாம்.

பிந்திப் போக நேர்ந்தால் சுவையைவிடப் பாதுகாப்பைப் பாருங்கள். சமைத்த உணவைப் பரிமாறும் வரை 60 பாகை செல்சியஸுக்கு மேல் சூடாக வைத்திருக்க வேண்டும், அறை வெப்பநிலையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. வேகவைத்த தானியங்களில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிரின் வித்துகள் கொதிநிலையையும் தாங்கிப் பிழைக்கும். ஆறிய உணவில் அவை பெருகி உண்டாக்கும் நச்சு, திரும்பச் சூடாக்கினாலும் அழியாமல் போகலாம். எனவே பாத்திரத்தைத் திறக்கும்போது ஆவி எழாத இடத்தில், மீண்டும் சூடாக்கித் தருகிறோம் என்று அவர்கள் சொன்னாலும், நான் சாப்பிட மாட்டேன். பயணத்தின் நடுவே வயிறு கெடுவது எவ்வளவு பெரிய அவதி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நாற்பது நிமிடத்துக்கும் குறைவாக இருந்தால் வெளியே அலைய வேண்டாம். நிலையத்துக்குள்ளேயே, கண்முன்னால் சமைத்துத் தரும் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. உங்களைப் பயணி என்று சொல்லிக்கொள்கிறீர்கள். ஆனால் அதே நிலையத்துக்கு அடிக்கடி வருகிறீர்கள். நீங்களும் திரும்பி வருகிறவர்தான், ஆனால் ஒவ்வொரு முறையும் புது இடத்துக்குப் போவதால் அந்த உரிமை உங்களுக்குப் பயன்படாமல் போகிறது. ஓரளவு பிடித்த ஓர் இடம் கிடைத்ததும் தேடலை நிறுத்திவிட்டு, அடுத்த இரண்டு மூன்று பயணங்களிலும் அங்கேயே போங்கள். என்ன நன்றாக இருந்தது என்று கல்லாவில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். எந்த நாளில் எது சமைப்பார்கள், எத்தனை மணிக்கு இறக்குவார்கள் என்று கேட்டு வைத்துக்கொண்டால், அடுத்த முறை வண்டியை விட்டு இறங்கியதும் நேராக அங்கே போய்விடலாம்.