வீட்டுத்தோட்டம் – வாசகர் கேள்வி பதில்: கொழும்பு மாடியில் கறுப்புத் தக்காளி

கேள்வி: ஐயா, ரொறன்ரோவில் வசிக்கும் என் தம்பி விடுமுறைக்கு வந்தபோது ‘செரோக்கி பேர்ப்பிள்’ என்னும் கறுஞ்சிவப்புத் தக்காளியின் விதைகளைத் தந்தான். மார்ச் மாதம் மொட்டைமாடியில் ஆறு சாடிகளில் நட்டேன். செடிகள் என் உயரத்துக்கு வளர்ந்து பூத்தன; ஆனால் பூக்கள் உதிர்ந்துவிட, ஒரேயொரு காய்தான் மிஞ்சியது. எரு போதவில்லையா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: எருவில் குறையில்லை, அம்மா, நட்ட மாதந்தான் பிழைத்துவிட்டது. உதிர்ந்த பூவொன்றை எடுத்துப் பாருங்கள். காம்பின் நடுவே உள்ள சிறிய முட்டில் வெட்டியதுபோல் விடுபட்டிருக்கும். கருக்கட்டாத பூவைச் செடி தானே கழற்றிவிடும் இடம் அது. பெரிய பழம் தரும் பழைய இனங்கள் பலவற்றுக்கு இரவு வெப்பநிலை 21 பாகை செல்சியசைத் தாண்டினாலே மகரந்தம் வலுவிழக்கத் தொடங்கிவிடும். கொழும்பிலோ சனவரி இரவே ஏறத்தாழ 22 பாகை. ஏப்ரல், மே மாதங்களில் அது 25, 26 வரை போகும். 1990இல் அமெரிக்காவின் டெனசி மாநிலத்திலிருந்து வந்த விதைக்குக் கிரேக் லெஹூலியர் என்பவர் இட்ட பெயரே ‘செரோக்கி பேர்ப்பிள்’. அந்த ஊர்க் கோடைக்குப் பழகிய செடியை நம் ஏப்ரலில் பூக்க விட்டால் பூவை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அடுத்த முறை நவம்பர் நடுப்பகுதியில் விதையிட்டு, மூன்று, நான்கு வாரங்களில் நாற்றைச் சாடிக்கு மாற்றுங்கள். சனவரியில், நமக்குக் கிடைக்கும் குளிர்ந்த இரவுகளில், பூக்கள் விரியும். காலை ஒன்பது, பத்து மணிக்குள் பூங்கொத்தின் காம்பை விரலால் மெல்லச் சுண்டிவிடுவது, காற்றுப்படாத மாடிகளில் நல்ல பலன் தருகிறது. ஆறு செடிகளில் நான்கையாவது சிறுபழ இனங்களாக வைத்துக்கொள்ளுங்கள். ‘சன்கோல்ட்’ போன்ற செம்மஞ்சள் குறுந்தக்காளிகள் வெப்பத்தை இவற்றைவிட நன்றாகப் பொறுக்கும். ஆனால் ‘சன்கோல்ட்’ கலப்பினமாகையால், அதன் விதையைச் சேமித்து முளைக்கவைத்தால் அதே பழம் வராது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நன்றாக நின்ற செடி ஒரே நாளில், இலை மஞ்சளாகாமலே துவண்டுவிட்டால், அடித்தண்டில் ஒரு துண்டை வெட்டி, தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் தொங்கவிடுங்கள். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பாலைப்போல் வெள்ளை இழை இறங்குமானால் அது பற்றீரியா வாடல் நோய். அதற்கு மருந்தில்லை, செடியையும் மண்ணையும் சேர்த்தே அகற்ற வேண்டும். வெளிநாட்டுப் பழைய இனங்கள் இந்நோய்க்கு எளிதில் மடிவதால், தாய்வானில் உள்ள உலக மரக்கறி நிலையம் நோய் தாங்கும் கத்தரி இனங்களை ஒட்டுக்கட்டையாக்கி அவற்றின்மேல் தக்காளியை ஒட்டும் முறையைப் பல காலமாகப் பரிந்துரைத்து வருகிறது. ஒட்டிய கன்றை ஒரு வாரம் நிழலில், ஈரம் குறையாமல் மூடி வைக்கும் பொறுமை இருந்தால் வீட்டிலும் செய்யலாம். கூடவே, வாடலைத் தாங்கும் நம் விவசாயத் திணைக்களத்தின் ‘திலின’ செடியொன்றையும் நட்டுவையுங்கள். மற்றவற்றின் சுவையை எதனோடு ஒப்பிடுவது என்பதற்கு அது உதவும்.

தம்பியிடம் ஒரு வார்த்தை: 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், விதைகளை அனுமதியின்றிப் பயணப்பெட்டியில் கொண்டுவருவது கூடாது.

கேள்வி: பழுத்த பின்னும் பச்சையாகவே இருக்கும் ‘கிரீன் சீப்ரா’ எப்போது பறிக்கத் தகுந்தது? இப்படிப்பட்ட தக்காளிகள் உண்மையிலேயே சுவையானவையா, வெறும் நிற வேடிக்கையா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: பச்சை வரிகளுக்கிடையே உள்ள வெளிர்ப்பகுதி மஞ்சளோடி, பழத்தின் அடிப்புறம் விரலுக்குச் சற்று நெகிழ்ந்தால் பறிக்கலாம். கறுஞ்சிவப்பு இனங்களில் நடப்பது வேறு: பழுக்கும்போது சிவப்பு நிறமி உண்டாகிறது, பச்சையமோ சிதையாமல் தங்கிவிடுகிறது, இரண்டும் கலந்து அந்தக் கபில நிறம் வருகிறது. ‘இண்டிகோ ரோஸ்’ போன்றவற்றின் ஊதாவோ வெயில் பட்ட தோலில் மட்டுமே ஏறும், இலை மறைத்த இடம் வெளிறியிருக்கும். இன்னொன்று: 30 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் சிவப்பு நிறமி சரிவர உருவாகாது. ஆகவே, உங்கள் சிவப்பு இனம் செம்மஞ்சளாகப் பழுத்தால் விதை விற்றவரை உடனே சந்தேகிக்க வேண்டாம்.

சுவை பற்றிய என் கருத்து, நிறத்தைவிடக் கையாளும் விதமே பெரிது என்பதுதான். சென்ற பெப்ரவரியில் விருந்தினருக்கென்று நான்கு வகைப் பழங்களை முதல்நாளே குளிர்சாதனப் பெட்டியில் வைத்தேன். மறுநாள் நான்கும் ஏறக்குறைய ஒரே சப்பென்ற சுவையாய் இருந்தன. புளோரிடாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் விளக்கியதும் இதையே: குளிரில் கிடந்த தக்காளியில் இனிப்பும் புளிப்பும் பெரிதாக மாறுவதில்லை, வாசனையை உண்டாக்கும் மரபணுக்களின் செயற்பாடே தணிந்துவிடுகிறது. எனவே அறைவெப்பத்தில் வைத்துக் குறுக்காக வெட்டுங்கள். விதையைச் சூழ்ந்த வழுவழுப்பை வழித்தெறியாமல் சதையோடு சேர்த்துச் சுவையுங்கள்; புளிப்பும் சாரமும் அங்கேதான் அதிகம். முதல் துண்டை வெறுமையாகவும் இரண்டாவதை ஒரு சிட்டிகை உப்போடும் உண்ணுங்கள். இப்படி உண்டபோது, செரோக்கி பேர்ப்பிளின் புளிப்பு குறைந்த, நாவில் நெடுநேரம் நின்ற செறிவு எனக்கு மிகப் பிடித்தது. கிரீன் சீப்ராவின் கூர்மையான புளிப்போ, தேங்காய்ப்பாற் சொதிக்குத்தான் பொருத்தம் என்று தோன்றியது. பெருமழை வருமெனத் தெரிந்தால், நிறம் மாறத் தொடங்கிய காய்களை முன்கூட்டியே பறித்து வீட்டினுள் பழுக்கவிடுங்கள். செடியில் விட்டால் நீரேறி வெடிக்கும்.

கேள்வி: நுவரெலியாவில் வாங்கிய மரத்தக்காளியின் விதையைத் தெஹிவளையில் நடலாமா?
– வாசகி, தெஹிவளை

பதில்: முளைக்கும், இலையும் அகலமாக விடும், ஆனால் அது தக்காளியின் உறவான வேறொரு மரம், மலைக்குளிரை விரும்புவது. தெஹிவளை வெப்பத்தில் அதனிடம் பழத்தை எதிர்பார்க்காதீர்கள்.